கைப்பிடிச் சுவரில் ஒருத்தி

எதிரே கண்ணாடிக் கட்டடம் எழும்பியதிலிருந்து பிரபாவதி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மொட்டைமாடியில் துணி காயப்போடுவாள். வடாம் காய ஒரு பொட்டு வெயில் விடாத கட்டடம். இன்று அதன் உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவன் கத்தினான்: "அக்கா, அந்தப் பொம்மை மூஞ்சியிலேருந்து நைட்டியை எடுக்கச் சொல்றாங்க, உள்ளே ஆபீஸ்ல!"

"எந்தப் பொம்மை?"

கைப்பிடிச் சுவரின் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் காரைக் குமிழில்தான் இருபத்தாறு வருஷமாக அவள் நைட்டி காய்கிறது. எடுத்தாள். அவன் துடைத்த கண்ணாடியில் தன் வீட்டை முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். குறுகிய தெருவில் நின்று அண்ணாந்தாலும் கண்ணுக்கு எட்டாத உச்சியில், அந்தக் குமிழின் மறுபக்கமாக, கன்னம் உப்பிய சுண்ணாம்புப் பெண் ஒருத்தி தெருவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! என் நைட்டிக்குள்ளயா இத்தனை நாளா சிரிச்சுக்கிட்டிருந்தே?"

"நீங்க துணி துவைக்காத அன்னிக்கெல்லாம் ஆபீஸே இவளுக்குத்தான் குட்மார்னிங் சொல்லுதாம். பேர்கூட வெச்சிருக்காங்களாம்."

பிரபாவதி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்றாள்.

"என்ன பேரு?"

அவன் கயிற்றிலேயே திரும்பி, உள்ளே இருப்பவர்களிடம் கேட்கக் கண்ணாடியைத் தட்டினான்.