உயிர் நண்பன்

பிரிவு உபசார விழா மேடையில் வகுப்புத் தலைவன் விம்மினான்.

“எல்லாரும் இருக்கீங்க. கேள்வித்தாளைத் திருடினான்னு பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பின என் உயிர் நண்பன் மட்டும் இல்ல. எங்க இருந்தாலும் அவன் நல்லா இருக்கணும்!”

அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“என்ன மனசு பாருங்க, ஃபாதர்!” என்றார் தலைமையாசிரியர்.

ஃபாதர் கைதட்டவில்லை. எழுந்து வெளியே போகப் பார்த்தார்.

“உடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்ல சார்.”

அதற்குமேல் அவரால் சொல்ல முடியாது. பாவமன்னிப்புக் கேட்டு ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது ஒரு குருவானவரின் வாய்க்கு வரக் கூடாது.

அன்று காலை ஆலயத்தில், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு, மேடையில் விம்மிய இதே குரல்தான் சொன்னது:

“கேள்வித்தாளைத் திருடி அவன் பையில வச்சது நான்தான், ஃபாதர். கொஞ்சம் சீக்கிரம் மன்னிச்சிடுங்க. சாயங்காலம் அவனைப் பத்திப் பேசணும், ஒத்திகைக்கு நேரமாச்சு.”