வாசலில் ஒரு விசில்

கண்ணுக்குப் பாதுகாப்பாகக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பூட்டுக்காரரின் கோணிய வாய் ஓரத்தில் லேசர் கருவியை வைத்தாள் பிசியோதெரபி செய்யும் பெண்.

“ஐயா, இப்போ தண்ணி குடிச்சா ஒழுகலை. பேச்சும் தெளிவாயிடுச்சு. இன்னும் என்ன குறை?”

“விசில் வரலையேம்மா.”

“இந்த வயசுல விசிலா? யாரைப் பார்த்து?”

“போம்மா! வீட்டு வாசல்ல நின்னு அடிப்பேன். ‘வந்துட்டீங்களா? கையைக் கழுவுங்க’ன்னு உள்ளேயிருந்து குரல் வரும். வாய் கோணினதுலேர்ந்து அந்தக் குரலே இல்லை. கூப்பிட்டுப் பார்த்துட்டேன், கதவைத் தட்டியும் பார்த்துட்டேன். ம்ஹூம்.”

“அடேங்கப்பா! உங்க வீட்டம்மா ரொம்ப ரோஷக்காரங்கதான். சரி, உதட்டைக் குவிச்சு ஊதுங்க.”

ஊதினார். காற்றோடு காற்றாக மெல்லிய கீச்சு ஒன்று வந்தது. வந்ததுதான் தாமதம், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூட நிற்காமல் ஓட்டமும் நடையுமாக வீடு போய்ச் சேர்ந்தார்.

ஊருக்கெல்லாம் சாவி செய்து கொடுப்பவர், தன் வீட்டுப் பூட்டைத் திறக்காமல் வாசலிலேயே நின்று உதட்டைக் குவித்தார். முதலில் வெறும் காற்று. பிறகு, விசில்!

“வந்துட்டீங்களா? கையைக் கழுவுங்க.”

அதே குரல், அதே செல்ல அதட்டல்.

அவசரமாகக் கதவைத் திறந்தார். சொன்னபடி கையைக் கழுவிவிட்டு வந்து, கிளிக்கூண்டின் முன் உட்கார்ந்தார். மனைவி கண்ணை மூடிய பிறகு, அவள் குரல் அந்தக் கிளியிடம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கழுவிட்டேன்டி,” என்றார். பிறகு இன்னொரு தடவை விசிலடித்தார்.