திருட்டுக் கொடி

மணிபிளாண்ட்டைக் காசு கொடுத்து வாங்கினால் துளிர்க்காது, திருடித்தான் நட வேண்டும். செடிகளைப் பேசவைக்கும் தொட்டிகள் வந்த பிறகும் திலகவதி அந்தச் சாஸ்திரத்தை விடவில்லை. தன் பழைய கொடி பட்டுப்போனதும், மேல்வீட்டு ரேணுகாவுக்கு மைசூர்பாகு கொடுக்கப் போன சாக்கில் ஒரு கணுவைக் கிள்ளி முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள்.

தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றியதும் கொடி தொண்டையைச் செருமியது.

"அப்பாடா, நம்ம வீடு! போன தீபாவளிக்குப் பலகாரம் கொண்டாந்த ரேணுகாதாம்மா என்னை இங்கேருந்து கிள்ளிட்டுப் போனா. அங்கே ஊத்துனதெல்லாம் ஆறின காப்பி!"

"அடி திருட்டுச் சிறுக்கி!" என்று கத்திக்கொண்டே, சாட்சிக்குத் தொட்டியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள் திலகவதி.

பாதிப் படியில் கொடி மெல்லக் கேட்டது:

"அம்மா, நான் உன்கிட்ட எப்படித் திரும்பி வந்தேன்னு அவ கேட்டா, என்ன சொல்லட்டும்?"