தம்பிக்குக் கொண்டுபோன ஈரல்

என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தம்பிக்காக நான் வறுத்துக் கொண்டுபோன ஆட்டு ஈரலைத் தம்பி மனைவி லீனா அடுப்படியில் நின்றபடியே தின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் பாதித் தெரு வந்தவள், குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனேன். ஜன்னல் வழியாக இந்தக் காட்சி.

கூடத்தில் என் தம்பி பிலிப் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு டம்ளர் டீ. அதிலும் ஒரு சொட்டுப் பால் இல்லை.

குடையை எடுக்காமலே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பிலிப்புக்குப் பிறந்ததிலிருந்தே தலசீமியா. ரத்தம் சரியாக ஊறாது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி ஏற்றித்தான் ஆளானான். அம்மா இருந்தவரை ஆஸ்பத்திரிக்கு அம்மா போவாள், நான் வீட்டில் சமைப்பேன். அதனால் அவன் வியாதியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்படியில் தெரிந்துகொண்டதுதான்.

ரத்தம் கம்மியா? ஈரல் கொடு. இதற்கு எதற்கு டாக்டர்?

அவன் வேலை கிடைத்துத் திருப்பதிக்குப் போனதிலிருந்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சித்தூரில் பஸ் ஏறிவிடுவேன். மடியில் ஈரல் டப்பா.

"வேணாங்கா, எனக்கு அது ஆகாது" என்று பிலிப் சொல்லத்தான் செய்தான். அக்கா அலைகிறாளே என்று கூச்சப்படுகிறான் என நினைத்தேன். என் சமையலை ஒருவன் நிஜமாகவே வேண்டாம் என்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்க விருந்து என்றால் ஈரல் வறுவலுக்கு நான்தான்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளிடம் பொருமினேன். "நோயாளிப் புருஷனுக்குத் தயிராம், இவளுக்கு ஈரலாம்!" அந்த அம்மாளுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ, "அய்யோ பாபம்" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்திலும் இதை ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். பேர் சொல்வது பாவம். அதனால், திருப்பதியில் இருக்கிற என் தம்பி மனைவி என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் லீனா போன் பண்ணினாள்.

"அண்ணி, அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினு மயக்கமே வந்திடுச்சி. ஆஸ்பத்திரில சேத்திருக்கேன்."

அந்த அவசரத்திலும் ஈரல் வாங்கி வறுத்து எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

வார்டில் பிலிப் ஒயர்களுக்கு நடுவில் படுத்திருந்தான். பார்த்ததும் லீனாவிடம் சண்டைக்குப் போனேன்.

"ஏம்மா, நீ ஒளிச்சி ஒளிச்சித் துன்ன ஈரல அவன் துன்னிருந்தா இந்த கதி வந்திருக்குமா? நான் பாக்கலன்னு நெனச்சியா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. லீனா திருதிருவென்று முழித்தாள். திருட்டு முழி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா வந்தார். "என்ன ஈரல்?"

வாரா வாரம் தம்பிக்குக் கொண்டுவருவது என்று பெருமையாக டப்பாவைத் திறந்து காட்டினேன்.

"வத்தம்மா, வத்து!" என்று தெலுங்கில், வேண்டவே வேண்டாமெனப் பதறி, மூடச் சொன்னார். பிறகு எனக்காகத் தமிழுக்கு வந்தார்.

"நாங்க ஏத்துற ரத்தத்தோட இரும்புச் சத்தும் உள்ள போகுதும்மா. அதை வெளிய தள்ள உடம்புக்கு வழி தெரியாது. கல்லீரல்ல சேரும், இதயத்துல சேரும். இவருக்கு இதயத்துல சேர்ந்துதான் துடிப்பு தாறுமாறாப் போச்சு. இரும்பை எறக்கத்தான் தெனம் மாத்திரையே குடுக்கறோம். ஈரல்ல இருக்கறது பூரா இரும்பு. நீங்க டப்பா டப்பாவா அதை ஏத்தப் பாக்கறீங்க!"

"அப்ப அந்தப் பாலில்லாத டீ?"

"சாப்பாட்டுல இருக்கற இரும்பு உடம்புல ஒட்டாம இருக்க நான்தான் குடிக்கச் சொன்னேன்."

"என் தம்பி..."

"நேரத்துக்குக் கொண்டுவந்துட்டாங்க. மருந்தை மாத்தியிருக்கோம், பொழச்சிக்குவாரு. வாரா வாரம் ஈரலும் சாப்பிட்டிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்."

அவர் போய்விட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

பிலிப் மெதுவாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தான்.

"அழாதக்கா. ஆனா லீனாவ ஒண்ணும் சொல்லாத. அவளுக்கு ஈரல் வாசனையே ஆவாது. ஒவ்வொரு வாரமும் மூக்கப் புடிச்சிக்கினுதான் துன்னா. ரெண்டு வாட்டி வாந்திகூட எடுத்துட்டா."

லீனா பக்கம் திரும்பினேன்.

"அடிப்பாவி! அப்பறம் ஏன் துன்ன? குப்பையில கொட்டித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

லீனா என் கண்ணைத் துடைக்கத் தன் கைக்குட்டையை நீட்டினாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, சங்கடமாகச் சிரித்தாள்.

"கொட்டலாம் அண்ணி. ஆனா நீங்க ஊருக்குப் போய்ச் சேந்ததும் போன் பண்ணுவீங்களே. 'பிலிப்பு துன்னானா'ன்னு ஒரு வாட்டி கேட்டிருந்தாலும், இல்லன்னு அன்னிக்கே உண்மைய சொல்லியிருப்பேன். நீங்க எப்பவும் 'உப்பு சரியா இருந்திச்சா, காரம் சரியா இருந்திச்சா'ன்னுதானே கேப்பீங்க? பொய் சொல்லாம அதுக்கு பதில் சொல்ல, யாராவது ஒருத்தர் துன்னாவணுமே!"