தக்கை வாடை

"சே! தக்கை வாடை!"

ஒரு வாய் ஒயினைக் குடித்ததும் மதாம் ஒதேத் முகத்தைச் சுளித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சொலேனுக்குச் சுருக்கென்றது. சின்னதென்றாலும் அது அவளுடைய சொந்த உணவகம். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டம். பாட்டிலை மூடிய தக்கை கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் ஒயினில் ஏறிவிடுவதைத்தான் தக்கை வாடை என்பார்கள். இந்த ஊரில் ஒரு கடையில் உட்கார்ந்து அதை உரக்கச் சொல்வது, கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊசிப்போச்சு என்று கத்துவது மாதிரி.

ஒவ்வொரு வியாழக்கிழமை மத்தியானமும் இதே கூத்துதான்.

புருஷன் முசியே அன்செல்முக்கும் சேர்த்து ஒதேத்தான் சாப்பாடு சொல்லுவாள். அவருக்கு ஆவியில் வெந்த மீன், எலுமிச்சை பிழிந்த வெந்த காய், ஒரு துண்டு ரொட்டி. உப்பு பேருக்கு. குடிக்கத் தண்ணீர்.

தனக்கு மட்டும் வெண்ணெய் மிதக்கும் வாத்துக்கறி, ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின்!

அந்த மனுஷன் முப்பத்தைந்து வருஷம் ஒயின் கிடங்கில் ருசி பார்த்துத் தரம் சொல்லும் மேஸ்திரியாக இருந்தவர். அவர் எதிரில் உட்கார்ந்து இவள் குடிப்பதே பாவம் என்று சொலேன் நினைப்பாள். அதில் குற்றம் வேறு கண்டுபிடித்தால்?

"கறியா இது? ஒரே வெண்ணெய்ப் பிசுக்கு," என்பாள் ஒதேத். "உங்க மீனைப் பாருங்க, பளபளன்னு இருக்கு. குடுத்துவச்சவர் நீங்க!"

"ஆமா ஒதேத், குடுத்துவச்சவன்தான்," என்று அவர் சாதுவாக மீனைக் கிள்ளிக்கொள்வார்.

வேறு பாட்டில் திறக்கட்டுமா என்று சொலேன் கேட்டாலும் ஒதேத் விடமாட்டாள்.

"ஊத்தினதைக் கொட்டுறதா? என் தலையெழுத்து, குடிச்சுத் தொலைக்கிறேன், விடு."

திட்டிக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடிப்பாள். அந்த வெண்ணெய்ப் பிசுக்கையும் ரொட்டியால் தட்டு பளிச்சென்று ஆகும்வரை வழித்துத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

இத்தனை நாள் சொலேன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இன்றைக்கு முடியவில்லை. இன்று ஊற்றியது அவள் தம்பி தனியாக நின்று போட்ட முதல் ஒயின். ராப்பகலாகத் தோட்டமே கதி என்று கிடந்து போட்டது. காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அவள் பெருமையாக அதைத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு அந்த ஒயின் வேணாம்மா," என்றார் பக்கத்து மேஜைக்காரர். "பீர் இருந்தா குடு."

ஒயின் ஊரில் பீர்! இதற்கு மேல் என்ன அவமானம் வேண்டும்?

சொலேன் விறுவிறுவென்று போய் ஒதேத்தின் கிளாஸை எடுத்தாள். அன்செல்முக்கு முன்னால் வைத்தாள்.

"முசியே, நீங்க குடிக்க வேணாம். மோந்து பாத்து மட்டும் சொல்லுங்க. இது கெட்டுப்போன ஒயினா?"

ஒதேத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அவர்கிட்ட ஏம்மா நீட்டுறே? எடு அதை!"

"இருக்கட்டும் ஒதேத்."

அவர் கிளாஸைத் தூக்கி மெல்லச் சுழற்றினார். மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஒதேத் சொல்றதுதான் சரி," என்றார் கடைசியில். "தக்கை வாடை."

"நான் சொன்னேன்ல?" என்று ஒதேத் கிளாஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

காலையில் சொலேனே ருசி பார்த்துவிட்டுத்தான் அந்த பாட்டிலை வெளியே எடுத்தாள். பெண்டாட்டிக்குப் பயந்து ஒரு பிள்ளையின் உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாரே இந்த மனுஷர்! அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

சாப்பாடு முடிந்து ஒதேத் முகம் கழுவப் போனாள். அன்செல்ம் பக்கத்து மேஜையில் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, மெதுவாக நடந்து சொலேனிடம் வந்தார்.

"யாரும்மா அந்த ஒயினைப் போட்டது?"

"என் தம்பி," என்றாள் வெடுக்கென்று.

"நல்ல கை அவனுக்கு. நாலு வருஷமாச்சு, இப்படி ஒரு வாசனை என் மூக்குல ஏறி. கிடங்கு மேஸ்திரி சொன்னார்னு சொல்லு. அந்த மேஜைக்காரங்ககிட்டயும் காதோட சொல்லிட்டேன். அவங்களுக்கும் அதையே ஊத்து."

சொலேன் அவரையே பார்த்தாள். "அப்புறம் ஏன் முசியே, எல்லார் முன்னாலயும் பொய் சொன்னீங்க?"

"டாக்டர் என்னை ஒயினும் வெண்ணெயும் தொடக்கூடாதுன்னதும், அவளும் விட்டுட்டாம்மா. ஒரு வருஷம் என்னோட சேர்ந்து வெந்த காயைத் தின்னா. பாதியா இளைச்சுப்போனா. ஒரு கல்யாணத்துல மறந்தாப்பல ஒரு வாய் குடிச்சா, பாரு, அப்படியே மூஞ்சி மலர்ந்துபோச்சு. நான் பாக்குறேன்னு தெரிஞ்சதும் டக்குனு 'சே, தக்கை வாடை'ன்னா. நான் ஏங்கிடக் கூடாதாம்."

இத்தனை வாரமாக அந்த அம்மாளை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறோம் என்று நினைக்கவே சொலேனுக்கு வெட்கமாக இருந்தது.

ஒதேத் கழிவறைக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அன்செல்ம் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் 'அப்படியா, நல்லவேளை நான் குடிக்கலை'ன்னேன். நான் நம்பிட்டேன்னு நினைச்சுத்தான் அன்னியிலேருந்து குடிக்கிறா. நல்ல ஒயின்னு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டா, அடுத்த வியாழக்கிழமை அவளும் தண்ணிதான் கேப்பாம்மா."