கருப்பன் ஜெயிச்சா

“வெள்ளைக்காரன் விடுற ஒரு குத்துல உங்காளு வாய்க்கால் தாண்டிப் போயி விழுவான், பாத்துக்க!”

களத்து மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பண்ணையார் தியாகராசன் சொன்னதும், குடை பிடித்து நின்ற காரியக்காரர் துரைராசு அந்தக் குத்து தன் மேலேயே விழுந்ததுபோல் பின்னால் நகர்ந்து சிரித்தார்.

“விழட்டுங்க, பாப்போம்” என்றான் கண்ணுசாமி. “அமெரிக்காக் கருப்பன் கையை நீங்க பாத்ததில்ல.”

“நீ பாத்தியா?”

கண்ணுசாமியும் பார்த்ததில்லை. ஆனால் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவன் அதை ஒப்புக்கொள்ள முடியுமா?

ஒரு வாரமாகவே பஞ்சாயத்து ரேடியோவில் அந்தக் குத்துச்சண்டைப் பேச்சுதான். உலகப் பட்டத்துக்கு இங்கிலாந்துக்காரனும் அமெரிக்காக்காரனும் மோதுகிறார்கள். இங்கிலாந்து என்றால் நம்மை ஆண்ட துரைமார் ஊர். பண்ணையாரின் அப்பா வெள்ளைக்காரக் கலெக்டரோடு நின்று எடுத்துக்கொண்ட படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரன் என்றால் அடிமை வம்சத்துக் கருப்பன். கீழத்தெருவுக்கு அவன் ஒன்றுவிட்ட தம்பி முறை.

இந்தப் பக்கம் சம்பா முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. வெளியூர் ஆளை இறக்கி அறுப்பேன் என்றார் பண்ணையார். உள்ளூர் ஆளுக்குத்தான் அறுப்பு என்றது சங்கம். தாசில்தார் வைத்த பேச்சுவார்த்தையெல்லாம் காப்பியோடு முடிந்திருந்தது.

“சரி, அதையே பந்தயமா வச்சுக்குவோம்” என்றார் பண்ணையார். “எங்காளு ஜெயிச்சா வெளியூர் ஆளு எறங்கும். நீங்க வரப்புல கொடி பிடிக்கக் கூடாது. உங்காளு ஜெயிச்சா நீங்களே அறுத்துக்குங்க.”

கண்ணுசாமி வீறாப்பாகத் தலையாட்டிவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

“ஏ புள்ள, அவன் தோத்துட்டா இந்த வருசம் அறுப்புக் கூலி நெல்லு போச்சு.”

“கருப்பன் ஜெயிப்பான்” என்றாள் அவன் பெண்டாட்டி வேம்பு, அரிவாளைத் துடைத்துக்கொண்டே.

“குத்துச்சண்டைன்னா ஒனக்கு என்னா தெரியும்?”

“ஒங்களுக்கு என்னா தெரியும்?”

மறுநாள் சாயங்காலம் ரேடியோ கம்பத்தடியில் ஊரே கூடிவிட்டது. மேலத்தெரு ஒரு பக்கம், கீழத்தெரு ஒரு பக்கம். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைக்கூட அன்றைக்கு யாரும் காதில் வாங்கவில்லை.

கடைசியாக வந்தது அந்தச் செய்தி. “இங்கிலாந்து வீரர், அமெரிக்க வீரரை வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றார்.”

மேலத்தெருவில் வெடி வெடித்தது. துரைராசு காற்றில் நாலு குத்து விட்டார். கண்ணுசாமி ரேடியோ கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

“பாவி! கை ஓங்கத் தெரியாதவன் ஏன்டா சண்டைக்குப் போன!”

வேம்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு பண்ணையார் முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, நாளைக்கு எங்க சனம் ஆளுக்கு ஒண்ணு பேசும். பந்தயம் என்னன்னு ஊருக்கு முன்னால நெல்லைப் பிடிச்சுச் சொல்லிடுங்க.”

கையில் நெல்லை வைத்துக்கொண்டு சொன்ன சொல்லை ஒருவன் மாற்றினால், அடுத்த வருடம் அவன் களத்தில் தூற்றுவதற்குக் காற்று அடிக்காது என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஆனால் ஜெயித்தவருக்கு என்ன பயம்? அழுகிற கண்ணுசாமியை ஆசைதீரப் பார்த்துவிட்டு, துரைராசு ஓடிப்போய்க் கொண்டுவந்த நெல் மரக்காலில் கையை விட்டு அள்ளினார் பண்ணையார்.

“உங்காளு ஜெயிச்சா...”

“உங்காளு எங்காளுன்னா வம்பு வரும்ங்க. கருப்பன், வெள்ளைக்காரன்னு வெளக்கமா சொல்லுங்க.”

“கருப்பன் ஜெயிச்சா இந்த வருசம் மட்டுமில்ல, என் ஆயுசுக்கும் நீங்கதான் அறுப்பு! வெள்ளைக்காரன் ஜெயிச்சா வெளியூர் ஆளு. போதுமா?”

“போதும்ங்க.”

விடிந்ததும் வெளியூர் ஆட்கள் டிராக்டரில் வந்து இறங்கினார்கள். கண்ணுசாமி மதகில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். வேம்புவோ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அரிவாளோடு வந்து நின்றாள்.

முதல் பஸ்ஸில் வந்த பேப்பரைத் துரைராசு பண்ணையாரிடம் நீட்டினார்.

“ஜெயிச்ச ஆளு படத்தை எங்களுக்கும் காட்டுங்கய்யா” என்றாள் வேம்பு.

“நல்லாப் பாரு. எங்கப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டப்போறேன்” என்றபடி விரித்த பண்ணையார் அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கருகருவென்று நின்று சிரித்தான் இங்கிலாந்துக்காரன். அவன் காலடியில் வெள்ளைவெளேரென்று மல்லாந்து கிடந்தான் அமெரிக்காக்காரன்.

“அச்சாபீசுல மை கூடிட்டு போலருக்குங்க” என்று இழுத்தார் துரைராசு.

“கீழ கெடக்குறவனுக்கு மட்டும் ஏன்யா மை பத்தாமப் போச்சு?” என்று எரிந்து விழுந்தார் பண்ணையார்.

டிராக்டர் வந்த வழியே திரும்பியது. வயலில் இறங்கிய கண்ணுசாமிக்கு அப்போதும் நம்பமுடியவில்லை.

“ஏ புள்ள, ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“போன வாரம் டூரிங் கொட்டாயில படத்துக்கு முன்னால நியூஸ் ரீல் போட்டாங்கல்ல? ஆம்பளைங்க எல்லாரும் பீடி குடிக்க வெளியில போயிட்டீங்க. ரெண்டு பேரையும் காட்டி, யாரு எந்த ஊருன்னு தமிழ்லதான் சொன்னாங்க. நான் உக்காந்து பாத்தேன்.”

“அடிப்பாவி! கட்டுன புருசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

வேம்பு முதல் பிடிக் கதிரை அறுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“சொல்லியிருந்தா நேத்து கம்பத்தைக் கட்டிக்கிட்டு அப்படி அழுதிருப்பீங்களா? அந்த அழுகையைப் பாத்துத்தானே அவரு நெல்லை அள்ளுனாரு!”