இன்றும் இணைப்பு வரவில்லை

"நெட்வொர்க் கார்டையே காணோம்ங்குது! நேத்து இதே கையால திருகி வெச்சுட்டுப் போனேன். அதுவா எழுந்து நடந்து போயிருச்சா?"

மேசைக்கு அடியில் மண்டியிட்டபடி கத்தினாள் சோல்ரூன். ஸ்டெய்னார் நீச்சல் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் கழித்துக்கட்டிய பழைய கணினி அது. விசிறி சுற்றினால் மீன்பிடிப் படகு கிளம்புவதுபோலச் சத்தம்.

"மெதுவா. நாம சண்டை போடுறோம்னு கீழ்வீட்டுல நினைக்கப் போறாங்க" என்றான் ஸ்டெய்னார்.

"சண்டை போடுற அளவுக்கு நமக்குள்ள இன்னும் ஒண்ணும் ஆரம்பிக்கவே இல்லையே!"

அவன் காபிக் கோப்பைக்குள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். விஷயமே அதுதான்.

ரெய்க்யவிக்கின் பொது நீச்சல்குளத்தில், வெந்நீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தபடி அவன் சொல்லியிருந்தான்: "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி இன்டர்நெட்ல இருக்குற வம்சாவளிப் பக்கத்துல நம்ம ரெண்டு பேர் பேரையும் போட்டுப் பார்த்துடலாம். சேர்ந்து உட்கார்ந்து. தனியா யாரும் பார்க்கக் கூடாது."

என்ன கேட்பான் என்பது அவளுக்குத் தெரியும். என்ன பதில் சொல்வாள் என்பதும் தெரியும். ஆனால் பாதி ஐஸ்லாந்து மீதிப் பாதிக்குச் சொந்தம். இங்கே குடும்பப் பெயரா இருக்கிறது, கேட்டவுடன் கண்டுபிடிக்க? அப்பா பெயரோடு மகன், மகள் என்று ஒட்டினால் முடிந்தது. அவள் தோழி தாக்னி ஒருவனோடு ஆறு மாதம் சுற்றினாள். பிறகு பெரியப்பாவின் பிறந்தநாளுக்குப் போனால், அங்கே அவன் நின்று எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஒரே கொள்ளுத்தாத்தான்னு வந்தா கைகுலுக்கிட்டு உறவுக்காரங்களா இருந்துடுவோம். அதுக்கும் மேல் தலைமுறைக்குப் போனா நான் கேக்க வேண்டியதைக் கேக்குறேன்" என்றான் அவன். சரியென்றாள்.

வீட்டில் இணைப்பு இல்லாததால், சரிசெய்ய அவளையே கூப்பிட்டான். அவள்தான் கணினி படித்தவளாயிற்றே! அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் வந்து மண்டியிடுகிறாள்.

"இந்த ஓட்டைக்கு ஒரு திருகாணி இருந்துச்சே, எங்கே?"

"தரையில விழுந்திருக்கும்" என்றான் ஸ்டெய்னார் அவசரமாக.

தேடினாள். கிடைக்கவில்லை. கார்டைக் கையால் அழுத்திப் பொருத்திவிட்டு எழுந்தாள். கணினி யோசித்தது, முனகியது, கார்டைக் கண்டுகொண்டது. இணைப்புக்கான எண்களைத் தட்டினாள். ஐந்தாறு தடவை முயன்றாள். திரையில் அதே வாசகம்: பதில் இல்லை.

"எங்க வம்சத்துலயே முதல் பட்டதாரி நான்" என்றாள் திரையைப் பார்த்து. "மீன் ஆலையில கை விறைக்க நின்னு எங்கப்பா என்னைப் படிக்க வெச்சார். 'எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கே டாக்டர்'னு துறைமுகம் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கார். அந்த டாக்டர் இங்கே வந்து, பாரு, ஒரு டப்பாகிட்ட தினமும் செருப்படி வாங்குது."

"விடு. ஊசி போட்டுப் பாரேன்."

"உனக்கு முதல்ல போடுறேன். பட்டம் குடுத்தாங்களே, அவங்களைச் சொல்லணும். என்னை மாதிரி ஒருத்தியை நம்பி நாடே கம்ப்யூட்டர் வாங்குது. உருப்படும்!"

அவன் சிரித்தான். வெண்ணெய் தடவிய காய்ந்த மீனைத் தட்டோடு நீட்டினான். இருவரும் மாறி மாறிப் பிய்த்து மென்றார்கள். ஜன்னலில் பனி மோதியது. தோற்றுப்போன இரண்டு பேருக்கு இவ்வளவு சந்தோஷம் கூடாதுதான்.

"நாளைக்கு நீ வர வேண்டியிருக்காது" என்றான் அவன் திடீரென்று. குரலில் உற்சாகமே இல்லை. "அக்கா எப்படியோ கேள்விப்பட்டுட்டா. அவ வீட்டுக்காரரை அனுப்புறாளாம். அவருக்கு நெட்வொர்க் வேலைதான். பத்து நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துடுவாராம்."

சோல்ரூனின் கையிலிருந்த மீன் தட்டுக்குத் திரும்பியது.

"அவர் வர வேண்டாம்."

"ஏன்? கௌரவக் குறைச்சலா?"

"கௌரவமா? அது போய் நாளாச்சு. வந்தா பார்த்ததுமே அவருக்குப் புரிஞ்சிடும்."

கையைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தாள். ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். இணைப்பு வந்தது. வம்சாவளிப் பக்கத்தைத் திறந்து இரண்டு பெயர்களையும் போட்டாள். இரண்டு கோடுகள் மேலேறிப் போய் ஒரே பெயரில் முட்டி நின்றன.

"முதல் நாளே வந்திருச்சு, ஸ்டெய்னார். நீ காபி போடப் போனே. எனக்குப் பொறுக்கலை, தனியா பார்த்துட்டேன். ஒரே கொள்ளுத்தாத்தா. அந்த ஆள் ஹெர்ரிங் பிடிக்கப் போன ஊர்ல மீனை மட்டும் பிடிச்சிருக்கலாம்." திரையில் அந்தப் பெயரை விரலால் தட்டினாள். "தினமும் கிளம்புறப்போ அந்த எண்ணைத் தப்பா மாத்தி வெச்சுட்டுத்தான் போனேன். சரியாயிட்டா மறுநாள் என்னத்தைச் சொல்லிட்டு வருவேன்? ஆனா சத்தியமா, அந்தக் கார்டை மட்டும் நான் தொடலை. அது எப்படி தினமும் கழண்டு போகுதுன்னே தெரியலை."

ஸ்டெய்னார் திரையைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு சின்னத் திருகாணியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"உன்னை இதைச் சரிபண்ணக் கூப்பிட்டேனே," என்றான், "அதுக்கு முந்தின நாளே ஸ்கூல் கம்ப்யூட்டர்ல நான் பார்த்துட்டேன்."